என்ஜின் மாட்டியாச்சா?

ரயில்வேயில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. மேஜைக்கு மேஜை திரை, ஆளுக்கு ஆள் போன். வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரிகிறதோ இல்லையோ, உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிளாட்பாரத்தில் நிற்கும் ஜனங்கள் அடுத்த நிமிடம் என்ன செய்யப்போகிறார்கள் என்பது மட்டும் எங்களைப் போலவே உங்களுக்கும் தெரியாது. அதற்குத் திரை இன்னும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் பின்பாதியில் நான் புதுச்சேரியில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். அது கடைசி ஸ்டேஷன். விழுப்புரத்திலிருந்து வரும் மீட்டர்கேஜ் பாதை எங்கள் பிளாட்பாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் கடல்தான். எனக்கு இங்கே மாற்றல் கிடைத்தபோது என் மாமனார் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "நீ தூங்கிட்டா கூட வண்டி தாண்டிப் போயிடாது. உனக்கேத்த எடம்" என்றார்.

வண்டிகள் கொஞ்சம்தான். ஆனால் வருகிற ஜனம் பல தினுசு. படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஆசிரமத்துக்கு வரும் வடநாட்டுக்காரர்கள், வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர்கள், ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு வருகிறவர்கள், மாசி மகத்தன்று சாமியோடு கடலில் முழுக்குப் போட வருகிறவர்கள். இவர்கள் எல்லோருக்காகவும் கால அட்டவணை ஒன்றைப் பெரிய பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தோம். அதைப் படித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அவரை ஊரே 'முசியே' என்று கூப்பிடும். பிரெஞ்சுக்காரர்கள் பட்டாளத்தில் இருந்து, அந்த நாட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா, அதாவது பழைய சிப்பாய். தினமும் மத்தியானம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து பிளாட்பாரம் பெஞ்சில் உட்காருவார். வண்டி உள்ளே நுழைந்ததும் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். "ரெத்தார்!" என்பார். லேட்டு என்று அர்த்தம். வண்டி நேரத்துக்கு வந்துவிட்டால் மனுஷர் முகம் வாடிவிடும். எழுந்து போய்விடுவார்.

மற்றவர்கள் யாரும் மணி பார்க்கவில்லை. எங்கள் ஜன்னலுக்கு வந்து, "வண்டி எத்தினி மணிக்கு?" என்று யாரும் கேட்டதும் இல்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ஜின் மாட்டியாச்சா?"

கடைசி ஸ்டேஷனில் வண்டி வந்ததும் என்ஜினைக் கழற்றிவிடுவோம். அது பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிப் போய், தண்ணீர் குடித்து, மறுகோடிக்கு வந்து மாட்டிக்கொள்ளும். அதற்கு ஆகிற நேரம் எவ்வளவு என்று எவருக்கும் கணக்கு இல்லை. சுற்றுப்பட்டு ஜனங்கள் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். என்ஜின் இல்லாத வண்டி வண்டியே இல்லை. மாட்டுகிற வரைக்கும் மரத்தடியில் சாப்பிடலாம், தூங்கலாம், சண்டைகூடப் போடலாம். என்ஜின் வந்து முட்டி, பெட்டிகள் ஒரு குலுங்கு குலுங்கினால், அவ்வளவுதான். அரைவாய்ச் சோற்றோடு எழுந்து ஓடி வருவார்கள். கிளம்ப இன்னும் எவ்வளவு நேரம் இருந்தாலும் சரி, ஓட்டம்தான்.

ரயில்வே கொடுத்த அட்டவணையைவிட ஜனங்கள் தாங்களே போட்டுக்கொண்ட இந்த அட்டவணை நன்றாக வேலை செய்தது. அதில் அச்சுப்பிழை இல்லை.

இனி அந்த மாசி மகம்.

அன்று காலையிலிருந்தே எங்கள் ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தலைவலி. திருவிழா நாட்களில் அவருக்குத் தலைவலி வருவது வழக்கம். வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். தலைவலிக்காரரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதால் பொறுப்பு என்னுடையது. எனக்குத் துணையாக ரயில்வே கோட்ட அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒலிபெருக்கி. வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி முடிந்து ஜனம் திரும்பும் மத்தியான வண்டியில் அவரும் விழுப்புரம் போய், அங்கே மெட்ராஸ் வண்டியைப் பிடிக்க வேண்டும். ஆகவே வண்டி நேரத்துக்குக் கிளம்புவதில் அவருக்கு அரசாங்க அக்கறை, சொந்த அக்கறை இரண்டும் இருந்தன.

வண்டி வந்தது. முசியே, "ரெத்தார்" என்றார். என்ஜினைக் கழற்றினோம். கடற்கரையிலிருந்து கூட்டம் வந்துகொண்டே இருந்தது. ஈரத்துணி, தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. முன்வாசல் மைதானம் நிரம்பி, தெரு வரைக்கும் நின்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பிளாட்பாரமும் காலிப் பெட்டிகளும் இருந்தன. நடுவில் சீட்டுப் பார்த்து அனுப்பும் இரும்பு கேட் ஒன்றுதான் வழி, ஆள் ஒருவர் நுழையும் அகலம்.

அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. இடுப்பில் சிவப்புக் கவுன் போட்ட பெண் குழந்தை, குழந்தையின் கையில் குச்சியில் சுற்றும் காகிதக் காத்தாடி.

"சார், என்ஜின் மாட்டியாச்சா?"

"இன்னும் இல்லம்மா. எங்க போவணும்?"

"வளவனூரு சார். பொழுதோட ஊடு போய்ச் சேரணும். எங்க மாமியா சும்மா வுடாது."

"நேரம் இருக்கு. குழந்தைக்கு ஏதாவது குடுத்துட்டு வா."

அவள் மரத்தடிக்குப் போய்த் தூக்குவாளியைத் திறந்தாள். நான்தான் அனுப்பினேன். இது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

ஆய்வாளர் என்னிடம் வந்தார். "என்ஜின் எங்கய்யா?"

"தண்ணி பிடிக்குது சார்."

"உடனே மாட்டச் சொல்லு. வண்டி தயாரா நின்னாத்தான் ஜனம் ஒழுங்கா ஏறும்."

"சார், முதல்ல கொஞ்சம் கொஞ்சமா உள்ள விட்டு உட்கார வச்சிடுவோம். அப்புறம் மாட்டலாம். இப்ப மாட்டினா எல்லாரும் ஒரேயடியா ஓடி வருவாங்க."

"ஓடி வந்தா நல்லதுதானே? சீக்கிரம் ஏறிடுவாங்க."

படித்த மனிதர் சொன்ன வாக்கியம் இது. மேலதிகாரி சொன்னால் மாட்ட வேண்டியதுதான். மாட்டினோம். என்ஜின் வந்து முட்டியது. பெட்டிகள் குலுங்கின.

மைதானம் முழுக்க எழுந்தது. இலையை எறிந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையின் பெயரைக் கூவிக்கொண்டு எல்லோரும் அந்த ஒற்றைக் கேட்டைப் பார்த்து ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர்கள் நுழைவதற்குள் பின்னால் வந்தவர்கள் மோதினார்கள். தெருவில் நின்றவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. வண்டி கிளம்பப்போகிறது என்பது மட்டும் தெரியும். அவர்கள் தள்ளினார்கள். பக்கத்தில் எப்போதும் பூட்டிக்கிடக்கும் அகலமான கேட் ஒன்று இருந்தது. அது வெளிப்பக்கமாகத் திறப்பது. அத்தனை பேர் அதன்மேல் சாய்ந்திருக்கும்போது பூட்டைக் கழற்றி என்ன பயன்? கழற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

கூட்டத்தின் சத்தம் ஒரு தினுசாக மாறுவதை நீங்களும் ஒரு நாள் கேட்பீர்கள். முதலில் கத்தல் இருக்கும், ஏச்சு இருக்கும். கத்துகிற வரைக்கும் பயமில்லை. மார்பு நெருக்கப்பட்டவர்களால் கத்த முடியாது. கேட்டுக்கு அருகில் சத்தம் குறைந்தது.

காத்தாடியை அப்போது பார்த்தேன். தலைகளுக்கு மேலே ஒரு சின்னக் கை அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. கேட்டின் கம்பிக்கு ஒட்டினாற்போல் அந்த வளவனூர்ப் பெண். முகம் கம்பியில் அழுந்தியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. காத்தாடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். "யாரும் தள்ளாதீர்கள்! வண்டி இப்போது கிளம்பாது! வண்டி இப்போது கிளம்பாது!"

பின்னாலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "கெளம்பாதுன்னு ரயில்வேக்காரனே சொல்றான்டா! கெளம்பப் போவுது, தள்ளு!"

அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் அறிவிப்புகளை வருஷக்கணக்காகக் கேட்டு வந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? இந்த ஜனங்கள் எங்கள் வாயை நம்பியதே கிடையாது. அவர்கள் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது பிளாட்பாரத்தின் மறுகோடியில் புகை விட்டுக்கொண்டு நின்றது.

ஓடினேன். எனக்கு அப்போதே தொப்பை உண்டு. இருந்தாலும் ஓடினேன்.

டிரைவர் விழுப்புரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ஜினக் கழட்டுங்க."

"இன்னா சார் சொல்ற? இப்பத்தான மாட்னோம்?"

"கழட்டிக்கினு முன்னால போயிடுங்க. தண்ணிக் கொழா வரைக்கும். நல்லா விசில் அடிச்சிக்கினே போங்க. எல்லாரும் பாக்கணும்."

"மேல ஆபீசரு நிக்கிறாரே சார். எங்கிட்ட கேட்டா இன்னா சொல்லுவேன்?"

"ஏ.எஸ்.எம்.முக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சின்னு சொல்லுங்க. கேட்டாண்ட கொழந்த நசுங்குதுண்ணே."

அவர் ஃபயர்மேனுக்குக் கையைக் காட்டினார். ஃபயர்மேன் குதித்து இறங்கிக் கொக்கியைக் கழற்றினான். நீளமாக ஒரு விசில். என்ஜின் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுத் தனியாக நகர்ந்தது. பிளாட்பாரத்துக்கு வெளியே, வேலிக்கு அப்பால் மைதானத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் புகையை விட்டுக்கொண்டு சாவகாசமாகப் போனது.

மைதானம் முழுக்க ஒரே குரலில் ஏச்சு.

"பாவிப்பசங்க, கழட்டிக்கினு போறானுவடா!"

"இவனுங்க ஆத்தாள..." மீதியைச் சொல்ல முடியாது.

ஏசிக்கொண்டே உட்கார்ந்தார்கள். தெருவில் நின்றவர்கள் முதலில் திரும்பி மரத்தடிக்குப் போனார்கள். தள்ளல் நின்றது. பின்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாகத் தளர்ந்தது. கேட்டருகில் இருந்தவர்களுக்கு மூச்சு வந்தது, மூச்சு வந்ததும் அவர்களும் என்னை ஏசினார்கள். அகலமான கேட் இப்போது திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்தார். குழந்தையின் காத்தாடி கேட்டுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டோம். என்ஜின் இல்லாத வண்டியில் ஏற யாருக்கும் அவசரம் இல்லை. கல்யாண வீட்டுப் பந்திக்கு வருவதுபோல் வந்து, நிதானமாக இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு என்ஜின் திரும்பி வந்து முட்டியது. வண்டி கிளம்பியது. நன்றாகத் தாமதமாகிவிட்டது. முசியே மிகுந்த திருப்தியோடு, "ரெத்தார்! கிராந்து ரெத்தார்!" என்று பெரிய லேட்டைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பையில் போட்டார்.

விழுப்புரத்தில் மெட்ராஸ் வண்டி போயே போய்விட்டது. அதைத் தவறவிட்டவர்களில் ஒரு வடநாட்டு யாத்திரைக் கோஷ்டியும் எங்கள் ஆய்வாளரும் அடக்கம். கோஷ்டி புகார் எழுதியது. ஆய்வாளர் அதைவிட நீளமாக எழுதினார். கிளம்பத் தயாராக நின்ற வண்டியிலிருந்து காரணமின்றி என்ஜினைக் கழற்றியதாக என்மேல் விசாரணை வந்தது. ஜங்ஷனுக்கு ஸ்டேஷன் மாஸ்டராகப் போகும் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். எனக்கு உதவ வேண்டும் என்றுதான் கேள்விகளைக் கேட்டார்.

"எதுக்காகக் கழட்டினீங்க?"

"கேட்டுல நெரிசல் சார்."

"எத்தனை பேருக்கு அடி?"

"யாருக்கும் இல்லை சார்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"யாரும் போகலை சார்."

"போலீஸ்ல ஏதாவது பதிவு?"

"இல்லை."

"யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?"

"கொடுத்திருக்காங்க சார். வண்டி லேட்டுன்னு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நெரிசல் இருந்துச்சுங்கிறதுக்கு என்னதாங்க ஆதாரம்?"

சாட்சியாக முசியேயைக் கூப்பிட்டார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கையைத் தூக்கிப் பொய் சொல்ல மாட்டேன் என்று யாரும் கேட்காமலே சத்தியம் செய்தார். "ஜனங்க எல்லாம் அமைதியா உக்காந்து சாப்புட்டுக்கினு இருந்தாங்க. நானே பாத்தேன். என்ஜின மட்டும் காணோம். பிரான்சுல இப்பிடிக் கெடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வண்டி வந்து, 'ரெத்தார்' சொல்லி முடித்ததும் பெஞ்சிலேயே கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். நான் அடிக்கச் சொன்ன விசிலில்தான் விழித்திருக்கிறார்.

என் மேஜை இழுப்பறையில் அந்த நசுங்கிய காத்தாடி இருந்தது. எடுத்துக் காட்டலாமா என்று யோசித்தேன். 'ஆதாரம்: காகிதக் காத்தாடி ஒன்று' என்று அந்த மனிதர் எப்படி எழுதுவார்? பாவம், விட்டுவிட்டேன். யாராவது நான்கு பேர் செத்திருந்தால் நான் அவர்களைக் காப்பாற்ற முயன்றேன் என்று நிரூபித்திருக்கலாம். யாரும் சாகாததால் நிரூபிக்க வழியில்லாமல் போனது. கண்டனம் என்று பணிப்பதிவேட்டில் எழுதினார்கள். ஜங்ஷனுக்கு வேறொருவர் போனார். வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த ஆண்டு மாசி மகத்துக்கு முன்னால் கோட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. திருவிழா நாட்களில், பயணிகள் எல்லோரும் ஏறி அமர்ந்த பிறகே என்ஜினை மாட்ட வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் இந்தப் புதிய முறையைக் கண்டுபிடித்ததற்காக எங்கள் ஆய்வாளருக்குப் பாராட்டுக் கிடைத்தது. என் கண்டனத்தை நீக்கச் சொல்லிக் கேட்டேன். நான் கழற்றியபோது சுற்றறிக்கை நடைமுறையில் இல்லை என்று பதில் வந்தது. நியாயம்தானே?

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் யாரும் என்ஜினைக் கழற்றக் கிளம்பிவிடாதீர்கள். என் நண்பர் ஒருவர் வேறோர் ஊரில், பெரிய ஜங்ஷனில், இதே வித்தையைச் செய்து பார்த்தார். அங்கே ஜனங்கள் என்ஜினைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லர், பலகையைப் பார்த்துப் பழகியவர்கள். கல்லெடுத்து அடித்தார்கள். நெற்றியில் தையலோடு வந்து என்னிடம் கோபித்துக்கொண்டார். உங்கள் ஸ்டேஷனில் ஜனங்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை நீங்கள்தான் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வருஷமாவது பிளாட்பாரத்தில் சும்மா நடக்க வேண்டும். சும்மா நடக்கிறான் என்று மேலே எழுதுவார்கள். எழுதட்டும்.

சுற்றறிக்கை வந்த அந்த மறுவருஷத்து மாசி மகத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சுற்றறிக்கைப்படி வண்டியை நிரப்பிக்கொண்டிருந்தோம். கூட்டம் போன வருஷத்துக்குக் குறைவில்லை. நான் பெட்டிகளை ஒட்டி நடந்து வந்தேன். ஒரு ஜன்னலிலிருந்து ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

"தோ இந்தாளுதாங்கா. போன வருசம் என்ஜினக் கழட்னது இந்தாளுதான்."

நின்றேன். அவள்தான். மடியில் சிவப்புக் கவுன் குழந்தை. கவுன் இப்போது குட்டையாகிவிட்டிருந்தது. கையில் புதுக் காத்தாடி.

"இன்னா சார், நீயெல்லாம் புள்ளகுட்டி பெத்தவன்தானா?" என்று ஆரம்பித்தாள். "கேட்டாண்ட மாட்டிக்கினு நானும் எம்பொண்ணும் சாவக் கெடந்தோம். மூச்சு நின்னுபோச்சி. அந்த நேரம் பாத்து என்ஜினயும் கழட்டிக்கினு போயிட்ட! ஊட்டுக்குப் போயி எங்க மாமியா கையில எம்மாம் பேச்சு வாங்கினேன் தெரியுமா? எவங்கூட சுத்திட்டு வரன்னு கேட்டுச்சி சார்!"

பக்கத்திலிருந்தவள், "உடுடி, ஆபீசரு" என்றாள்.

"ஆபீசருன்னா? கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம்மா" என்றேன். "நான்தான் கழட்டினேன். தப்புதான்."

"இந்த வருசமாச்சும் ஒழுங்கா மாட்டி அனுப்பு."

"அனுப்புறேன்."

கோடியில் என்ஜின் வந்து முட்டியது. பெட்டி குலுங்கியதும் குழந்தை பயந்துபோய், பிறகு சிரித்தது. கொடி காட்டினேன். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. பெஞ்சில் முசியே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகம் வாடி எழுந்து போனார். அந்த ஜன்னலில் காத்தாடி சுற்றிக்கொண்டே போனது. அவள் தலையை வெளியே நீட்டி என்னை இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். சக்கரச் சத்தத்தில் வார்த்தை எதுவும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் நின்று வாங்கிக்கொண்டேன்.